டீச்சர்மார் வண்டிக்கு சார்ஜ் போட்ட கதை

1

பெர்கனில் மழை பெய்கிறது என்று எழுதினால் இங்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். பெய்யாத நாளைத்தான் இந்த ஊரில் செய்தியாகச் சொல்லுவார்கள். அப்படி ஒரு மழையில், போன சனிக்கிழமை, கடை வாசலில் என் காருக்கு சார்ஜ் போட்டுவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் புத்தம்புதுக் கார் ஒன்று. அதன் அருகே குடை பிடித்தபடி ஓர் இளம் தம்பதி. அவர் கையில் சார்ஜ் கேபிள். அவள் அவருடைய கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி படுதுங்க. வேண்டாங்க, வெச்சிருங்க" என்றாள்.

தமிழ் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியை இறக்கி, "தைரியமாப் போடுங்க, ஷாக் அடிக்காது" என்றேன். இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நோர்வே மழைக்குள் இருந்து ஒரு நாகர்கோவில் குரல் வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இறங்கிப் போய் விளக்கினேன். கேபிளைச் செருகியதும் மின்சாரம் பாய்ந்துவிடாது. காரும் சார்ஜரும் முதலில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். இணைப்பு இறுக்கமாக இருக்கிறதா, எர்த் சரியா, எங்காவது கசிவு உண்டா என்று பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றால்தான் கரண்டு வரும். மழைக்கும் பனிக்கும் சேர்த்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். இங்கே நாங்கள் மழை விடட்டும் என்று காத்திருந்தால் அடுத்த வருடம்தான் கார் எடுக்க முடியும். இப்படி அரை மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டேன். நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். பிறருக்கு விளக்கிச் சொல்லுவதில் எனக்கு ஒரு ஆசை. என் கணவர் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்.

இந்த வண்டியை நம்பலாமா என்ற அதே கேள்வியை இந்த ஜூலையில் ஊருக்குப் போயிருந்தபோது கருங்கல் சந்தையில் மீன்காரி கேட்டாள், சபையில் போதகர் கேட்டார், தையல்கடைக்காரர் கேட்டார். எல்லாருக்கும் சலிக்காமல் பதில் சொன்னேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பின்னால் என் தம்பியின் பிழைப்பு இருந்தது.

2

தம்பி எட்வின் கருங்கலில் வாடகைக் கார் ஓட்டுகிறான். விடியற்காலையில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஓட்டம் கிடைத்தால் போவான். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அவனுக்குச் சோறு போடுவது நான்கு டீச்சர்மார். கருங்கல் பக்கத்திலிருந்து பூதப்பாண்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு தினமும் அவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டி வருவான். மாத வாடகை. பஸ்ஸில் போனால் நாகர்கோவிலில் இறங்கி மாறி, மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும்.

போன வருடம் அவனுடைய டீசல் கார் ஓய்ந்தது. மார்த்தாண்டம் நெரிசலில் கிளச்சை மிதித்து மிதித்து அவனுடைய இடது முழங்காலும் கூடவே ஓய்ந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அவனை அரிக்கத் தொடங்கினேன். மின்சாரக் காருக்கு கிளச் கிடையாது, கியர் கிடையாது. ஆயில் மாற்ற வேண்டாம். நின்று நின்று போகும் நெரிசலில் டீசல் கார் எண்ணெய் குடிக்கும், இது அங்கேதான் மிச்சம் பிடிக்கும். காலை எடுத்தாலே வேகம் குறையும், குறையும்போது கொஞ்சம் கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போகும். உன் ஓட்டம் தினமும் ஒரே வழி, ஒரே தூரம். உனக்கென்றே செய்த வண்டி, வாங்கு என்றேன்.

வாங்கினான். பிறகுதான் பேச்சு தொடங்கியது. நான்கு பேரில் மூத்தவர் புஷ்பம் டீச்சர். கணக்கு. ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது. அவர் சொன்னால் மற்ற மூன்று பேரும் தலையாட்டுவார்கள். புது வண்டியில் ஏறிய முதல் நாளே கேட்டாராம்.

"இது வழியில நின்னா என்ன செய்யியது எட்வினே? பெட்ரோல்னா ஒரு குப்பியில வாங்கி ஊத்தலாம். கரண்டைக் குப்பியில வாங்க முடியுமா?"

எட்வின் பதிலுக்குச் சிரித்து மழுப்பினானாம். நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

இந்த ஜூலையில் நான் போய் இறங்கியபோது விஷயம் முற்றியிருந்தது. பெட்ரோல் வேன் வைத்திருக்கும் ஒருவர் அதே டீச்சர்மாரிடம் போய்ப் பேசியிருந்தார். புஷ்பம் டீச்சர் நேராகவே சொல்லிவிட்டார். இந்த மாதம் முழுக்கப் பார்ப்போம், ஒரு நாள் வழியில் நின்றாலும் அடுத்த மாதம் வேன்தான்.

"அந்த நாலு பேரும் போனா வண்டிய வித்துட்டு நான் திரும்ப சவுதிக்குத்தான் போவணும்கா" என்றான் எட்வின். சாப்பிடும்போது, குனிந்த தலை நிமிராமல் சொன்னான். அம்மா அடுக்களையில் இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

அவன் அங்கே ஆறு வருடம் ஓட்டிவிட்டு, போதும் என்று திரும்பி வந்தவன். வீட்டில் இரண்டு பேரில் நான் ஒருத்தி போனது போதும். இவனும் போய்விட்டால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகளும் போனில்தான்.

3

எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசுகிறேனே தவிர, பெர்கனில் நானும் எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் குடியிருப்பில் காருக்கு சார்ஜர் பொருத்த முதலில் சங்கத்துக்கு விண்ணப்பம். சங்கம் கூடி, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று முடிவெடுக்கும். அடுத்த கூட்டத்தில், எலக்ட்ரீஷியனின் சான்று எங்கே என்று கேட்கும். சான்று கிடைத்தபோது விண்ணப்பப் படிவம் மாறியிருந்தது. ஊரில் அலைந்து பழகிய காலுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஒரே வித்தியாசம், இங்கே எல்லாரும் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்புவார்கள்.

மொழி அதற்கு மேல். சார்ஜ் போடுவதற்கு இங்கே ஒரு சொல், சுமை ஏற்றுவதற்கு அதன் தங்கச்சி மாதிரி இன்னொரு சொல். பக்கத்து வீட்டுக் கிழவரிடம், "காருக்கு சார்ஜ் போட வேண்டும், கொஞ்சம் வழி விடுங்கள்" என்று சொல்ல நினைத்தேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, மூட்டைகள் எங்கே என்று கேட்டு வந்து நின்றார். தூக்க ஒன்றும் இல்லை என்றதும் அவருக்கு வருத்தம்.

என் மகள் ரூத் இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள், நோர்வீஜியத்தில். அவளுக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் நோர்வீஜியத்தில் பதில் வரும். வீட்டில் அதுவும் வராது, அறைக் கதவுதான். இந்த முறை ஊருக்கும் வரவில்லை. கோடை வேலை கிடைத்திருக்கிறதாம். தமிழ்ப் பாட்டு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்து ஞாயிறுபள்ளி மேடையில் ஏற்றிய பிள்ளை. எனக்குத் தெரியாமல் எப்போது நழுவினாள்?

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் பேசுவாள். நீண்ட தூரம் போகும்போது வழியில் சார்ஜ் போட நிறுத்துவோம் இல்லையா, அங்கே. கார் ஓடவில்லை, எனக்கு அடுப்பு இல்லை, அவளுக்குப் போக அறை இல்லை. இருபது நிமிடம் இருவரும் முன்சீட்டில் சும்மா உட்கார வேண்டும். பள்ளியில் தன்னோடு பேசாமல் போன தோழியைப் பற்றி அவள் எனக்குச் சொன்னது அப்படி ஒரு இடத்தில்தான். பாதி தமிழில் சொன்னாள்.

4

இனி அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் எட்வினுக்கு விமான நிலைய ஓட்டம் இருந்தது. போய் வந்து, அப்படியே டீச்சர்மாரை ஏற்றினான். ஒரு டீச்சர் விடுப்பு என்பதால் அந்த இடத்தில் நான் ஏறிக்கொண்டேன். பூதப்பாண்டி போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் பன்னிரண்டு சதவீதம் இருந்தது.

அதில் பயப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சிவகாமி அக்கா என்று ஒருவர் வீடு. அவருடைய கார் ஷெட்டில் ஒரு பவர் பிளக், கிரைண்டருக்கும் மோட்டாருக்கும் போடுவோமே அந்தப் பெரிய பிளக், அதில்தான் எட்வின் தினமும் சார்ஜ் போடுவான். கரண்டுக்குத் தனியாகக் குட்டி மீட்டர் உண்டு. தொடக்கத்தில் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி முரண்டு பிடித்ததாம். பழைய வீடு, எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியன் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு புது எர்த் இறக்கிக் கொடுத்த பிறகு பச்சை எரிந்தது. வீட்டுப் பிளக்கில் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் மெதுவாக ஏறுவதுதான் பேட்டரிக்கு நல்லது. டீச்சர்மார் பாடம் நடத்தி முடிப்பதற்குள் எண்பது வந்துவிடும். தினசரி ஓட்டத்துக்கு எண்பது தாராளம். நூறு நிரப்பியே தீருவேன் என்று அடம்பிடிக்க இது தண்ணீர்க் குடம் இல்லை. கார் நிழலில் நின்றால் இன்னும் நல்லது. பெர்கனில் குளிர் பேட்டரியைச் சாப்பிடும். ஊரில் வெயிலைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிளக்கைப் போட்டோம். பச்சை எரிந்தது. நிம்மதியாக பஸ் ஏறி அழகியபாண்டியபுரத்தில் சித்தியைப் பார்க்கப் போனோம். வழக்கமாக எட்வின் எதிர்க் கடையில் பேப்பர் படித்துக்கொண்டு காரைப் பார்த்தபடி இருப்பான். அன்றைக்கு அவன் அக்கா நான் வந்திருக்கிறேனே.

நாலு மணிக்குத் திரும்பி வந்தால் சிவகாமி அக்கா வீட்டில் பூட்டு. சார்ஜரில் விளக்கே இல்லை. காரில் பார்த்தால் பதினெட்டு.

"கரண்டு போயிருக்கும்" என்றேன். எட்வின் எதிர்க் கடையைக் காட்டினான். அங்கே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் மீட்டர் பெட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்தான். மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது.

சிவகாமி அக்காவுக்கு போன் போட்டான். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"நான் சுசீந்திரத்துல கல்யாண வீட்டுல நிக்கேன் மக்கா. என்னா?"

"மெயினை அணைச்சிட்டா போனிய?"

"வீட்டப் பூட்டிட்டுப் போனா மெயினை அணைக்காம யாராவது போவாளா?" என்றார் அவர். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. பிறகு குரல் இறங்கியது. "உன் காரு கெடந்துதே அங்க. நான் நெனைக்கவே இல்ல மக்கா."

அவரை என்ன சொல்லுவது? எங்கள் ஜில்லாவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிறவர்கள் கேஸை மூடுவார்கள், மெயினை அணைப்பார்கள், பிறகுதான் செருப்பு போடுவார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனாலும் சரி. என் கணவர் முதல் முறை பெர்கனிலிருந்து ஊருக்குக் கிளம்பியபோது அங்கேயும் மெயினை அணைத்துவிட்டு வந்தவர். ஒரு மாதம் கழித்துத் திரும்பி, ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த மீனை அடக்கம் செய்ய இரண்டு நாள் ஆனது. கை அதுவாகச் செய்யும் வேலை அது. அந்த வீட்டுக்குள் புதிதாக ஒரு கார் குடிவந்திருக்கிறது என்று கைக்கு யார் சொல்லுவது?

5

பதினெட்டு சதவீதத்தில் கருங்கல் போய்விடலாம். போகாமலும் போகலாம். வழியில் நிற்பதென்றால் வில்லுக்குறியைத் தாண்டி எங்காவது நிற்கும், மூன்று டீச்சர்மாரோடு.

"நீ ஒண்ணும் பேசண்டா எக்கா, நான் எப்படியாவது ஓட்டிப் பாக்கேன்" என்றான் எட்வின்.

"வெப்ராளப்படாதே, பதறாதே. நாகர்கோவில்ல ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு. அங்க போடுவோம். டீச்சர்மார்ட்ட உள்ளதைச் சொல்லுவோம்" என்றேன்.

டீச்சர்மார் வந்தார்கள். முன்சீட்டில் ஏறிய புஷ்பம் டீச்சரிடம் நான்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியில் துடைத்தார்.

"அப்போ நிக்கும்னு சொல்லுங்க."

"நிக்காது டீச்சர். நிக்கதுக்கு முன்னால நாமளே நிறுத்துவோம்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பின்னால் லதா டீச்சர் மணியைப் பார்த்தாள். நாலு பேரில் இளையவள், வீட்டில் ஒரு வயது ஆகாத குழந்தை.

ஏசியை அணைத்தோம். கண்ணாடிகளை இறக்கினோம். எட்வின் பைய ஓட்டினான், ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தமாதிரியே தெரியாமல். வண்டியில் சத்தம் இல்லை என்பது இந்தக் காரின் சிறப்பு என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த அமைதி கொஞ்சமும் பிடிக்கவில்லை. எண் குறைவதை ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாகர்கோவில் வந்து சேர்ந்தபோது பதிமூன்று.

ஒரு ஓட்டலின் பின்புறம் சார்ஜர். அதில் கேரளா வண்டி ஒன்று நின்றது. எட்வினுடைய முகம் செத்துவிட்டது. உள்ளே போய் விசாரித்தேன். வண்டிக்காரர் மீன்குழம்புச் சாப்பாட்டின் கடைசி உருண்டையில் இருந்தார். "கழிஞ்ஞு சேச்சி, இப்போ மாற்றாம்" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து, சொன்னபடி வண்டியை எடுத்தார். எங்கள் கேபிளைச் செருகினோம். எண் ஏறத் தொடங்கியது. வீட்டுப் பிளக்கில் ஒரு மணிக்கூரில் ஏறுவது இங்கே சில நிமிடங்களில் ஏறிவிடும். இதையே தினமும் பிடித்தால் பேட்டரிக்கு நல்லதில்லை. ஆபத்துக்கு இதை விட்டால் வேறில்லை.

"அரை மணிக்கூர் ஆவும் டீச்சர்" என்றான் எட்வின், தரையைப் பார்த்துக்கொண்டு.

மூன்று பேரும் வீட்டுக்கு போன் போட்டார்கள். லதா டீச்சரின் மாமியாரின் குரல் எனக்கே கேட்டது. பிறகு காருக்குள் புழுக்கம் தாங்காமல் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஓட்டலின் பின்வாசலில் வேப்பமர நிழலில் மேசை கிடந்தது. நான் டீயும் ரசவடையும் சொன்னேன்.

லதா வடையைப் பிட்டு வாயில் வைத்தாள். வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சூடா ஒண்ணு தின்னு எத்தன மாசமாச்சு" என்றாள்.

"இன்னொண்ணு சொல்லுட்டி" என்றார் புஷ்பம் டீச்சர்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை எதிர் நாற்காலியின் சட்டத்தில் வைத்துக்கொண்டார். காலையில் நாலரைக்கு எழுந்து, சமைத்து, கட்டி, ஏறி, நடத்தி, இறங்கி, மறுபடி சமைக்கிற கால். தலைமை ஆசிரியர் மைக்கில் பேசுகிறமாதிரி பேசிக் காட்டினார். மூன்றாவது டீச்சர் சிரித்துப் புரையேறி, டீ மூக்கில் ஏறிவிட்டது. கார் அருகில் தனியாக நின்ற எட்வின் திரும்பிப் பார்த்தான். இரண்டு வருடமாக ஓட்டுகிறான், புஷ்பம் டீச்சர் இப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லையாம்.

அறுபது வந்ததும் கிளம்பினோம். கருங்கலில் இறங்கும்போது புஷ்பம் டீச்சர் எட்வினிடம், "மாசக் கடைசியில பேசுவோம்" என்றார். குரலில் எதுவும் இல்லை. அவர் கணக்கு டீச்சர், குரலில் எதையும் காட்டமாட்டார்.

அன்று ராத்திரி எட்வின் சாப்பிடவில்லை.

6

இரண்டு நாளில் எலக்ட்ரீஷியனை அழைத்துப்போய், கார் ஷெட்டுக்கு மீட்டரிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், தனிப் பெட்டி போடவைத்தோம். இனி வீட்டை முழுக்க அணைத்தாலும் காருக்கு ஏறும். சிவகாமி அக்கா இரண்டு பெட்டியையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்து, "இது வீடு, இது காரு" என்று நாலு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு எனக்கு விடுப்பு முடிந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அம்மா வாசலில் நின்று, "இவனையும் அனுப்பிராத மக்களே" என்று மட்டும் சொன்னாள். அவனை அனுப்புவதும் நிறுத்துவதும் என் கையில் இருக்கிறமாதிரி. விமானத்தில் அதை நினைத்து அழுதேன்.

மாதக் கடைசி நாள் பெர்கனில் பகல் வேலை. கையில் மருந்துத் தட்டோடு இருந்தபோது போன் வந்தது. எட்வின். தட்டை வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

"எக்கா, இன்னைக்கு வண்டியில எண்பத்திரண்டு இருந்துது பாத்துக்க."

"அதைச் சொல்லவா கூப்பிட்டிய? டீச்சர் என்ன சொன்னாவ?"

"சொல்லியேன், கேளு. நாகர்கோவில் வந்தாச்சு. நான் நேரா விடுதேன். புஷ்பம் டீச்சர் கேக்காவ, சார்ஜ் போடண்டாமா எட்வினேன்னு. நான் சொன்னேன், எண்பத்திரண்டு இருக்கு டீச்சர், கருங்கல் போயிட்டு திரும்ப பூதப்பாண்டிக்கே வரலாம்னு. இருக்கட்டு, ஓட்டல்ல விடும், அரை மணிக்கூர் போடும்னாவ. பொறவு சொல்லியாவ, அந்த வேன்காரனுக்கு வேண்டாம்னு நான் போன்ல சொல்லியாச்சு, அவன் வண்டிக்கு இதெல்லாம் வேண்டாம்லா, நிக்காமல்லா போவும்னு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நிற்காத வண்டிதான் டீச்சருக்கு வேண்டாமாம்.

"இப்போ எங்க நிக்கிய?"

"ஓட்டல்லதான். நாலு பேரும் மரத்தடியில இருக்காவ. மூணாவது செட்டு வடை."

"சார்ஜ் போட்டியா மக்கா?"

"கேபிளை வெளியில எடுக்கவே இல்லக்கா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேளு, கேளு" என்று போனை அந்தப் பக்கம் திருப்பினான்.

கோப்பைகளின் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு லதா டீச்சர் தன் போனில் யாரிடமோ மிகப் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இல்ல மாமி, வண்டி சார்ஜுல கெடக்கு. பைய பையத்தான் ஏறுது."